கொத்தமல்லி சாம்பியன்

கொத்தமல்லிக் கட்டுகளுக்கு நடுவே, பஞ்சரான சைக்கிளைக் கட்டிப் பிடித்தபடி டெம்போவின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த மதலைமுத்துவின் இடுப்புப் பையிலிருந்து திடீரென்று ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. கடைசி ஒரு கிலோமீட்டரை ஒரு நிமிடம் பதினைந்து விநாடியில் கடந்துவிட்டீர்கள், அபாரம், இப்படியே போங்கள் என்றது.

"யாரு சார் அது, மேடமா?" என்று முன்னாலிருந்து கத்தினார் டெம்போ ஓட்டுகிற முனிராஜ்.

"மேடம் மஸ்கட்ல இருக்காங்கப்பா. இது போனு."

"என்னமோ பாராட்டுது?"

"சைக்கிள் நல்லா ஓடுதாம்."

"உங்க சைக்கிள் எங்க சார் ஓடுது? என் வண்டியில்ல ஓடுது!"

அப்போதுதான் மதலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. சைக்கிள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று பதிவு செய்கிற ஆப்பை ஆனேக்கலில் பஞ்சரானபோதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பரபரவென்று போனை எடுத்தார். திரையில் 'அழி' என்று ஒரு பொத்தான், 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். கட்டைவிரலில் கொத்தமல்லி ஈரம். அதே நேரத்தில் சந்தாபுரத்து வேகத்தடை ஒன்று வந்தது. டெம்போ ஒரு குதி குதித்தது. விரல் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கத்துப் பொத்தானுக்குப் போனது.

ஆனேக்கலிலிருந்து சந்தாபுரம் வரை மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் மதலைமுத்து சைக்கிள் ஓட்டினார் என்ற செய்தி, 'ஹெப்பகோடி ஹைவே ரைடர்ஸ்' என்ற வாட்ஸப் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் அவரையும் சேர்த்து இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். மற்றவர்களில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்தது கிடையாது.

மதலைமுத்துவுக்கு நாற்பத்தொன்பது வயது. கோலார் தங்கவயல்காரர். அப்பா தினமும் இரண்டு மைல் ஆழத்துக்குச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். மகன் மேம்பாலத்தைப் பார்த்தாலே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிற ரகம். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. எட்டு மணி நேரமும் காதில் அடைப்பானை வைத்துக்கொண்டு இரும்பு வளையங்களின் விட்டத்தை அளப்பார். அடைப்பானை எடுத்தால் இரைச்சல், எடுக்காவிட்டால் அமைதி. இரண்டிலும் பேசுவதற்கு ஆள் கிடையாது.

மனைவி மோனிகா மூன்று வருடமாக மஸ்கட்டில் நர்ஸ். மகள் திருச்சியில் ஹாஸ்டல். ஹெப்பகோடியில் ஒற்றைப் படுக்கையறை வீடும் மதலைமுத்துவும் மட்டும் மிச்சம். பெங்களூரில் காலையில் எதிர்ப்படுகிற எல்லோரும் "திண்டி ஆச்சா?", அதாவது டிபன் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் கேட்பார், கேட் வாட்ச்மேன் கேட்பார், பால் பூத்காரர் கேட்பார். "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் கேட்டவர் கடமை முடிந்தது. ஆகவில்லை, வாங்களேன் சேர்ந்து சாப்பிடலாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று மதலைமுத்து பல நாள் யோசித்ததுண்டு. சொல்லிப் பார்த்ததில்லை.

"யார்கூடயாவது பழகுங்க," என்று மோனிகாதான் தொணதொணத்தாள். "ஞாயித்துக்கிழமை கூட ஒத்தை ஆளா உக்காந்து சாப்பிடறீங்களே, எனக்கு இங்க சோறு இறங்கல."

சைக்கிள் வாங்கியது அதற்காகத்தான். உடம்பைக் குறைக்க என்று கடைக்காரரிடம் சொன்னது பொய். கடைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் அவர் உள்ளேயே போனார். ஞாயிறு தோறும் சரியாகக் காலை ஐந்தே முக்காலுக்கு ஹெப்பகோடி பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடையில் கூடி, சந்தாபுரம், ஆனேக்கல், முத்தியாலமடுவு என்று போய், திரும்பும்போது ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டு தர்ஷினி ஓட்டலில் எல்லோரும் சேர்ந்து திண்டி சாப்பிடுவது என்று அதில் போட்டிருந்தது. 'எல்லோரும் சேர்ந்து' என்ற இடத்தை மதலைமுத்து இரண்டு தரம் படித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

காகிதத்திலிருந்த நம்பருக்கு எழுதி வாட்ஸப் குரூப்பில் சேர்ந்தார். குரூப்புக்கு ஒரே ஒரு விதி. யாருக்காகவும் காத்திருப்பது கிடையாது. பிந்தியவர்கள் அதே வழியில் பின்னால் வர வேண்டும்.

முதல் ஞாயிறு டயருக்குக் காற்றடிக்கத் தெரியாமல் பன்னிரண்டு நிமிடம் பிந்தினார். தெருமுனையிலிருந்து எட்டிப் பார்த்தார். டீக்கடை வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லை. போய்விட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஏனென்றால் முந்தின நாள் குரூப்பில் நாகேஷ் என்பவர், "சராசரி இருபத்தெட்டுல போலாம், ஈஸி ரைடு" என்று எழுதியிருந்தார். மதலைமுத்துவின் சராசரி பதினொன்று. அதுவும் காற்று பின்னாலிருந்து அடித்தால்.

அடுத்த ஞாயிறு அவர் வேண்டுமென்றே பத்து நிமிடம் பிந்திப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அவர்கள் போன வழியிலேயே தனியாகப் போனார். முத்தியாலமடுவு பெயர்ப்பலகையில் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். பெயர்ப்பலகையும் சைக்கிளும், அல்லது ஒரு தட்டு இட்லியும் சட்னியும். "இன்னைக்கு எல்லார்கூடயும் ஓட்டினது சூப்பர்!" என்று வீணா என்கிற பெண் எழுதுவாள். "வாட் எ டீம்!" என்று சீனு எழுதுவார். மதலைமுத்து தர்ஷினிக்குப் போகும்போது எட்டரை ஆகியிருக்கும். அவர்கள் சாப்பிட்டுப் போயிருப்பார்கள். நின்று சாப்பிடுகிற அந்த வட்ட மேசையில் எந்த இடத்தில் நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இரண்டு இட்லி சாப்பிடுவார்.

ஒரு தரம் மட்டும், முத்தியாலமடுவு சாலையில் எதிரே மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஒருவர் சைக்கிளில் வந்தார். குரூப் ஆள்தான், சந்தேகமில்லை. பார்த்துவிட்டால் என்ன சொல்வது? மதலைமுத்து சட்டென்று ஒரு ராகி வயல் பக்கம் திரும்பி, பூச்சியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது மஞ்சள் சட்டைக்காரர் எதிர்ப்பக்கத்து மண்பாதையில் போய் மறைந்துகொண்டிருந்தார். வேகக்காரர்களுக்கு அங்கே ஏதோ குறுக்குவழி இருக்கும் போலிருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான்காவது ஞாயிறு கொத்தமல்லி டெம்போ சாம்பியன் ஆக்கியது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போனைப் பார்த்தார். முப்பத்தோரு செய்திகள்.

"நாப்பத்தெட்டா? மதலைமுத்து அண்ணா, நீங்க மனுஷனா ராக்கெட்டா?" இது சீனு.

"நாம இருபத்தெட்டுக்கே நாக்கு தள்றோம். சைலண்டா ஒருத்தர் இப்படி இருந்திருக்காரு பாருங்க குரு!" இது நாகேஷ்.

"அண்ணா, எந்த வயசுலர்ந்து ப்ராக்டிஸ் பண்றீங்க?" இது வீணா.

மதலைமுத்து யோக்கியர். 'மன்னிக்கவும், அது நான் இல்லை, டெம்போ' என்று அடித்தார். அனுப்புவதற்கு முன்னால் மேலே இருந்த செய்திகளை ஒரு தரம் படித்தார். மதலைமுத்து அண்ணா. மதலைமுத்து அண்ணா. அந்தப் பெயரை இத்தனை பேர் ஒரே நாளில் சொல்லி வருடக்கணக்காகிறது. தொழிற்சாலையில் அவர் பெயர் 'க்யூ.சி.'

அடித்ததை அழித்துவிட்டு, கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினார்.

கும்பிட்ட கைக்கு மரியாதை கூடிவிட்டது. எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள். அடுத்த ஞாயிறு எங்களோடு முன்னாலேயே வந்து ஓட்ட வேண்டும் என்றார்கள். மதலைமுத்துவுக்கு வியர்த்தது.

"முழங்கால் வலி. கொஞ்ச நாள் மெதுவாகத்தான் ஓட்டணும்," என்று எழுதினார்.

அது தப்பாகப் போயிற்று. "முழங்கால் வலியோட நாப்பத்தெட்டா?" என்று நாகேஷ் எட்டு நெருப்புப் படங்கள் போட்டார். வீணா ஒரு தைலத்தின் பெயர் அனுப்பினாள். பாலகிருஷ்ணன் என்று அதுவரை வாயே திறக்காத ஒருவர், மல்லேஸ்வரத்தில் தனக்குத் தெரிந்த எலும்பு டாக்டரின் நம்பரைக் கொடுத்தார். மதலைமுத்துவின் இல்லாத வலிக்கு இத்தனை பேர் கவலைப்பட்டார்கள். அதைப் படித்தபோது முழங்கால் உண்மையிலேயே லேசாக வலித்தது.

வலி என்ற வேலியைத் தாண்டி வந்துவிட்டார்கள் என்றதும் வேறு வேலி போட்டார். "நான் விடியற்காலை அஞ்சு மணிக்கே கிளம்பிடுவேன். தனியா ஓட்டித்தான் பழக்கம்," என்று எழுதினார்.

எழுதியாகிவிட்டது, செய்து காட்ட வேண்டுமே. ஐந்தாவது ஞாயிறு ஐந்து மணிக்குப் புறப்பட்டார். சந்தாபுரம் தாண்டி ஒரு கோழிக்கடை வாசலில் ஏழு நாய்கள் காத்திருந்தன. மதலைமுத்துவின் பளபளக்கிற புதுச் சட்டை அவற்றுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு கிலோமீட்டரை அவர் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஆப்புக்கு நினைவிருந்தது. மணிக்கு முப்பத்துமூன்று. இந்த முறை டெம்போ இல்லை, சொந்தக் கால்.

"அண்ணா, ஸ்டார்ட்டிங்லயே முப்பத்திமூணா? என்ன டெக்னிக்?" என்று கேட்டார் சீனு.

"பின்னால யாரோ துரத்தற மாதிரி நினைச்சுக்கணும்," என்று பதில் போட்டார் மதலைமுத்து. ஐந்து வாரத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அதுதான். அதைப் பதினாறு பேர் சேமித்து வைத்துக்கொண்டார்கள்.

விளைவு புதன்கிழமை வந்தது. நாகேஷ் எழுதினார்: "நண்பர்களே, வர்ற ஞாயிறு நம்ம குரூப்புக்கு ரெண்டு வயசு. இருபத்துமூணு பேரும் கட்டாயம் வரணும். ரைடு கேப்டன், நம்ம மதலைமுத்து அண்ணா. அவர் முன்னால, நாம பின்னால!"

மதலைமுத்து அன்று அளந்த வளையங்களில் பாதியைத் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மோனிகா கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஆண்டுவிழான்னு சொன்னீங்களே, எல்லார்கூடவும் நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இங்க வார்டுல எல்லார்கிட்டயும் காட்டணும்."

"அனுப்பறேன் மோனி."

"போன வாரம் யார் யார்கூட சாப்பிட்டீங்க?"

"நாகேஷ், வீணா, சீனு. நல்ல பசங்க. சீனு மூணு வடை சாப்பிட்டான்."

"அப்பாடா," என்றாள் மோனிகா. "இப்பல்லாம் நான் நிம்மதியாத் தூங்கறேங்க. நீங்க தனியா இல்லைன்னு தெரிஞ்சதுலர்ந்து."

போனை வைத்த பிறகு மதலைமுத்து வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஊருக்குச் சொன்ன பொய் சிரிப்பாக இருந்தது. இந்தப் பொய் அப்படி இல்லை. மூன்று வடை சாப்பிட்ட சீனுவின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்குச் சரியான நேரத்துக்குப் போவது. எல்லோர் முன்னாலும் நின்று, அது டெம்போ, அது நாய், என் வேகம் பதினொன்று என்று சொல்லிவிடுவது. சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்து முடித்த பிறகு, நீங்கள் மெதுவாக வாருங்கள் அண்ணா, திண்டிக்குச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒருவராவது சொல்லமாட்டார்களா?

ஞாயிறு காலை ஐந்து முப்பத்தைந்துக்கே பெட்ரோல் பங்க் ஓரமாக வந்து நின்றுவிட்டார். சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தார். 'வணக்கம், நான் மதலைமுத்து. அந்த நாப்பத்தெட்டு என்னுது இல்ல, கொத்தமல்லியோடது.' முதல் வரியே சிரிப்பாக இருந்தது நல்லதுதான் என்று பட்டது.

ஐந்து நாற்பத்தைந்து ஆயிற்று. யாரும் வரவில்லை. ஐந்து ஐம்பது. ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் போயின. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வானம் வெளுத்தது. ஒரு சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை.

போன் அதிர்ந்தது. வீணா, சந்தாபுரம் மேம்பாலத்தடியில் தன் சைக்கிளைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். "கேப்டன், உங்களைப் பிடிக்கத்தான் துரத்திட்டு இருக்கேன்!"

அடுத்து நாகேஷ். "கேப்டன் இந்நேரம் ஆனேக்கல் தாண்டியிருப்பாரு. என்ன ஸ்பீடு!"

அடுத்து சீனு. "ஜஸ்ட் மிஸ் குரு! கேப்டனோட முதுகை மட்டும் பார்த்தேன்!"

மதலைமுத்து தன் முதுகைத் தானே ஒரு தரம் திரும்பிப் பார்க்க முயன்றார்.

யாரோ ஒருவனின் முதுகைக் கேப்டன் என்று நினைத்து இருபத்திரண்டு பேரும் போய்விட்டார்கள். முதலில் வழக்கமான அந்த நிம்மதி வந்தது. வந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. மானம் போனாலும் பரவாயில்லை என்று வந்து நின்ற ஒரே ஒரு நாளில் மானத்தை வாங்கக்கூட ஆள் இல்லை. மோனிகாவுக்கு என்ன படம் அனுப்புவது? பெயர்ப்பலகையையா?

கால் வலித்தது. அதுவரை ஒருநாளும் கிட்டத்தில் போயிராத அந்த டீக்கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். காந்தா என்று போர்டில் பெயர் எழுதியிருந்தது. அந்தக் காந்தாவாகத்தான் இருக்க வேண்டும், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி ஸ்டவ்வுக்குப் பின்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். எதிரே பெஞ்சில் ஒருவரும் இல்லை.

"சைக்கிள்காரங்க எல்லாரும் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஓ, எல்லாரும் போயிட்டாங்க சார்," என்றாள் காந்தா, தலையை நிமிர்த்தாமலே. "டீ போடட்டுமா?"

"போடுங்க." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "என்னைத்தாம்மா கேப்டன்னு போட்டிருந்தாங்க. ஒரு நிமிஷம்கூட நிக்கல. போகும்போது மதலைமுத்து வரலையான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? எல்லாரும் ஒண்ணா எத்தனை மணிக்கும்மா கிளம்பினாங்க?"

காந்தா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஸ்டவ்வைக் குறைத்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, செய்த தப்பைச் சொல்கிறவள் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். காலைல அஞ்சு மணியிலர்ந்து ஏழு மணி வரைக்கும், அந்த அஞ்சே முக்காலை மட்டும் விட்டுட்டு, ஒவ்வொருத்தரா வந்து நீங்க கேட்ட இதே கேள்வியத்தான் கேக்கறாங்க. 'இன்னும் யாரும் வரல'ன்னு நெசத்தைச் சொன்னா, இனிமே வந்துருவாங்களோன்னு பயந்துட்டு டீகூட குடிக்காம ஓடிடறாங்க, அதான் 'எல்லாரும் போயிட்டாங்க'ன்னு சொல்லப் பழகிட்டேன். ரெண்டு வருஷமா பார்க்கறேன் சார், இந்த ஜாகால ரெண்டு சைக்கிள் சேந்து நின்னு ஒரு நாளும் பார்த்ததில்ல."